டீச்சரம்மா பதில்கள்: இந்த மாசம் முழுக்க ஃபோன் பஞ்சாயத்து

போன இதழ்ல ஒரு வாசகி, "ரெண்டாங்கிளாஸ் புள்ளைக்கு வாட்ஸ்அப்புல வீட்டுப்பாடம் வருது, இது நியாயமா"ன்னு ஒரே வரியில கேட்டிருந்தாங்க, நானும் நாலு வரியில பதில் சொல்லிட்டு நகர்ந்துட்டேன். அது போதாதுன்னு இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல அதே விஷயம், டீச்சருங்க ஒரு பக்கம் பெத்தவங்க ஒரு பக்கம். சரின்னு மத்த கேள்வியெல்லாம் ஒதுக்கி வச்சுட்டேன். நான் 2024ல ரிட்டயர் ஆன இடைநிலை ஆசிரியை, பாதி சர்வீஸ் ஈராசிரியர் பள்ளியிலயே ஓடிருச்சு, கம்ப்யூட்டர் படிச்சவ எல்லாம் இல்ல. அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

கேள்வி: நான் வேலையில சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகுது, ரெண்டாம் வகுப்பு எடுக்குறேன். பெற்றோர் குரூப்புல தினமும் ஏதாவது போடுங்கன்னு ஹெச்.எம். சொல்றாங்க. பாடம் நடத்துறத வீடியோ எடுத்துப் போடுறேன், ரெண்டு மூணு பேருதான் பாக்குறாங்க. இதால புள்ளைங்களுக்கு ஏதாவது பிரயோஜனம் இருக்கா டீச்சர்? (இளம் ஆசிரியை, கள்ளக்குறிச்சி மாவட்டம்)

பதில்: மொதல்ல அந்த வீடியோவ நிறுத்துங்கம்மா. காலையில நீங்க நடத்துன பாடத்தையே சாயங்காலம் அஞ்சு இன்ச் ஸ்க்ரீன்ல பாக்க எந்தப் புள்ளைக்குப் பொறுமை இருக்கும், உங்க பாடத்துல குறை சொல்லல, எனக்கே இருக்காது. வாட்ஸ்அப்புல தொடக்கப் பள்ளிக்கு உருப்படியா ஒண்ணு இருக்குன்னா அது வாய்ஸ் மெசேஜ்தான், ஆனா அதை யாரும் கண்டுக்குறது இல்ல.

வகுப்புல இருபது புள்ளைங்களும் கோரஸா வாசிக்கும்போது யாரு வாசிக்குறா யாரு வாயை மட்டும் அசைக்குறான்னு நமக்குத் தெரியாது, எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் தெரியாது. அதனால நான் என்ன பண்ணுனேன்னா, ஒரு நாளைக்கு நாலு புள்ளைங்க, அஞ்சு நாள்ல இருபது பேரும் முடிஞ்சிரும், அன்னிக்கு யாரு முறையோ அவங்க மட்டும் வீட்டுலேந்து அஞ்சு வரி வாசிச்சு எனக்குத் தனியா அனுப்பணும், குரூப்புல இல்ல, எனக்கு மட்டும். பஸ்ஸுல வரும்போது காதுல மாட்டிக்கிட்டு கேப்பேன். 'கொ'வையும் 'கோ'வையும் எந்தப் புள்ளை ஒண்ணாப் படிக்குது, எது படத்தைப் பாத்து கதையை அடிச்சு விடுது, எது ழகரத்துல தடுக்கி விழுதுன்னு பளிச்சுன்னு தெரிஞ்சிரும். மறுநாள் அந்த ஒரு எழுத்தை மட்டும் அந்தப் புள்ளைகிட்ட சரி பண்ணுனாப் போதும்.

இதுல நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் என்னன்னா, புள்ளைங்களுக்குத் தன் குரலைத் திருப்பிக் கேக்கும்போது புடிக்கல. சரியா வரலன்னு அழிச்சிட்டு மறுபடி ரெக்கார்ட் பண்ணுதுங்க, நாலு தடவை, அஞ்சு தடவை. ஒரு பத்தியை அஞ்சு தடவை படின்னு நாம சொன்னா படிக்குமா? வயித்து வலின்னு சொல்லிரும்.

ஒரு புள்ளை இருந்துச்சு, அப்பா அம்மா ரெண்டு பேரும் திருப்பூர்ல பனியன் கம்பெனியில, புள்ளை இங்க பாட்டிகிட்ட. அது அனுப்புற வாய்ஸ்ல பின்னாடி கோழி கூவும், அடுத்த வீட்டுல பாத்திரம் உருளும், நடுவுல புள்ளை தடுமாறி நிக்கும்போதெல்லாம் பாட்டி குரல், "ம்ம்... அப்புறம்?" அந்தப் பாட்டிக்கு எழுத்தே தெரியாது, கதை என்னாச்சோங்கிற ஆர்வம் அவ்வளவுதான். அந்த "அப்புறம்"ல அந்தப் புள்ளை அடுத்த வார்த்தையைக் கூட்டிப் படிச்சிரும். அதே வாய்ஸை அவங்க திருப்பூருக்கு ஃபார்வேர்ட் பண்ணிருக்காங்க, நைட் ஷிப்ட் டீ டைம்ல அப்பா கேப்பாராம், தீபாவளிக்கு வந்தப்ப அவரே ஸ்கூலுக்கு வந்து சொன்னாரு.

ஹெச்.எம். தினமும் ஏதாவது போடச் சொன்னா, "வீட்டுல எத்தனை கதவு இருக்கு, எத்தனை ஜன்னல் இருக்கு, எது அதிகம்?" மாதிரி ஒரே ஒரு வரி போடுங்க. பதிலை ஃபோன்ல கேக்காதீங்க, மறுநாள் வகுப்புல கேளுங்க.

கேள்வி: என் வகுப்புல 18 புள்ளைங்க. ஏழு வீட்டுல ஸ்மார்ட்ஃபோன் கிடையாது. இருக்குற வீட்டுலயும் அப்பா ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் அதைக் கொண்டு வர்றாரு. நீங்க சொல்ற வாய்ஸ், வாட்ஸ்அப் எல்லாம் எங்களுக்கு எப்படி ஒத்து வரும்? (ஆசிரியர், அரியலூர் பக்கம்)

பதில்: நியாயமான கோபம் சார். கொரோனாவுல 2020 மார்ச்சுல பூட்டுன தொடக்கப் பள்ளி 2021 நவம்பர் ஒண்ணாந்தேதிதான் திறந்துச்சு, நடுவுல ஃபோன் இருந்த வீட்டுப் புள்ளை ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, இல்லாத வீட்டுப் புள்ளை 'அ' எழுதுறதையே மறந்துட்டு வந்து நின்னுச்சு, அதை நானும் பாத்தவதான். ஏசர்னு கிராமப்புறத்துல எடுக்குற சர்வே இருக்குல்ல, அதுல 2018ல ஸ்மார்ட்ஃபோன் இருந்த வீடு இந்திய அளவுல நூத்துக்கு 36 சொச்சம், 2021ல 67 சொச்சம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அதே 2021 சர்வேயில, ஃபோன் இருக்குற வீட்டுப் புள்ளைங்கள்லயே நாலுல ஒண்ணுக்கு அது கைக்குக் கிடைக்கறதே இல்லன்னும் வந்துச்சு. நீங்க சொல்ற ஒன்பது மணி அப்பா கதைதான் அது.

அதனால என் கணக்கு என்னன்னா, புதுப் பாடம் எதுவும் ஃபோன் வழியா போகக் கூடாது. ஃபோன்ல போறது எல்லாம் உபரி, வந்தா சரி, வரலன்னா அந்தப் புள்ளைக்கு எந்த நஷ்டமும் இருக்கக் கூடாது, வகுப்புல "நீ ஏன் அனுப்பல"ங்கிற கேள்வியே வரக் கூடாது. அந்த ஏழு புள்ளைங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் உங்க ஃபோனையே குடுத்து மரத்தடியில ரெக்கார்ட் பண்ணச் சொல்லுங்க. டீச்சர் ஃபோனைக் கையில புடிச்சுப் பேசுறதுங்கிற பெருமையில, ஃபோன் இருக்குற வீட்டுப் புள்ளைங்களும் "எங்க வீட்டுல சார்ஜ் இல்ல சார்"னு பொய் சொல்லிட்டு வந்து வரிசையில நிக்கும். நடந்த கதைதான் சார் சொல்றேன்.

கேள்வி: என் பொண்ணு மூணாம் வகுப்பு. அவங்க டீச்சர் இன்ஸ்டாகிராம்ல ரீல்ஸ் போடுறாங்க, வகுப்புல பாட்டு பாடி ஆடுற மாதிரி. ஒரு ரீல்ல என் பொண்ணு முன்னாடி நிக்குறா, நிறைய பேரு பாத்திருக்காங்க. நாலஞ்சு கமெண்ட்டு அவ நிறத்தைப் பத்தி கிண்டலா இருக்கு. டீச்சர் நல்லவங்க, பாசமா இருப்பாங்க. சொன்னா புள்ளை மேல கோபப்படுவாங்களோன்னு பயமா இருக்கு. (பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்)

பதில்: பயப்படாதீங்கம்மா, சொல்லுங்க, நாளைக்கே சொல்லுங்க. ஃபோன்லயோ மெசேஜ்லயோ வேணாம், நேர்ல போயி, "டீச்சர், உங்க பாட்டு நல்லாருக்கு, ஆனா எம் பொண்ணு மொகம் வர்றதை எடுத்துருங்க, இந்தக் கமெண்டைப் பாருங்க"ன்னு காட்டுங்க. நூத்துக்குத் தொண்ணூறு பேரு அந்த நிமிஷமே எடுத்துருவாங்க, ஏன்னா அவங்க கமெண்டைப் படிச்சிருக்கவே மாட்டாங்க, வியூஸ் நம்பரைத்தான் பாத்திருப்பாங்க. எடுக்கலன்னா ஹெச்.எம்., அதுக்கும் மசியலன்னா பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல வைங்க, அதுல பாதிக்கு மேல பெத்தவங்கதான் இருக்கீங்க, அங்க நீங்க வாயைத் திறக்கலன்னா வேற யாரு திறப்பா.

சட்டம் கேட்டீங்கன்னா, 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயசுக்குக் கீழ இருக்கிற எல்லாரையுமே குழந்தைன்னுதான் சொல்லுது, குழந்தையோட தரவைக் கையாளணும்னா பெத்தவங்களோட சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேணும்னு சொல்லுது. விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, படிப்படியாத்தான் அமலுக்கு வருது. ஆனா ஒரு அம்மா "எம் பொண்ணு படம் வேணாம்"னு சொல்றதுக்கு எந்தச் சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்? கமெண்ட்டு நிறத்தோட நிக்காம அசிங்கமா போனாலோ, படத்தை எடுத்து எவனாவது வேற மாதிரி மாத்திப் போட்டாலோ யோசிக்கவே யோசிக்காதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு சைபர் கிரைமுக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098.

இப்ப ரீல்ஸ் போடுற டீச்சருங்களுக்கு ஒரு வார்த்தை, கோவிச்சுக்காதீங்க. உங்க பாட்டும் செய்கையும் பாத்து நாலு ஊரு டீச்சர் கத்துக்குறாங்க, எனக்குத் தெரியும், ஒண்ணாம் வகுப்புலேந்து வாசிக்கக் கத்துக் குடுக்குற அரசுத் திட்டம் 'எண்ணும் எழுத்தும்' வந்த புதுசுல நானே அப்படிப் பாத்துக் கத்துக்கிட்ட பாட்டு நிறைய. அந்தப் பாட்டை நீங்க மட்டும் நின்னு பாடிப் போடலாமே, உங்க கையும் கரும்பலகையும் சார்ட்டும் போதுமே. புள்ளைங்க வேணும்னா பின்னாடிலேந்து எடுங்க, கையை மட்டும் எடுங்க, நோட்டை எடுங்க. யூனிஃபார்மும் பள்ளி போர்டும் மொகமும் ஒரே ஃப்ரேம்ல வந்தா, இந்தப் புள்ளை தினமும் காலையில எங்க இருக்கும்னு முன்னப்பின்ன தெரியாதவனுக்கு நாமளே அட்ரஸ் குடுத்த மாதிரி ஆயிரும். இன்னொண்ணு, ஸ்டாண்ட்ல ஃபோனை வச்சு மூணு டேக் எடுக்குறப்ப அந்த இருபது நிமிஷம் என்ன ஆகுது? நான் ஒரு வகுப்புக்குப் போயிருந்தேன், ஃபோனைத் தூக்குன உடனே புள்ளைங்க எல்லாம் சொல்லி வச்ச மாதிரி சிரிச்சிச்சு, ஃபோனை இறக்கின உடனே சிரிப்பும் இறங்கிருச்சு. எனக்கு என்னமோ பண்ணிருச்சு அது.

கேள்வி: நாலாம் வகுப்புப் பையனுக்கு 'படிப்புக்குத்தான்'னு தனி இன்ஸ்டா அக்கவுண்ட் ஓப்பன் பண்ணச் சொல்லி டியூஷன்ல சொல்றாங்க, பண்ணலாமா? (வாசகர், ஆவடி)

பதில்: வேணாம். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் ரெண்டுலயும் குறைஞ்சபட்சம் 13 வயசுன்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க, ஒன்பது வயசுப் பையனுக்கு அக்கவுண்ட் ஓப்பன் பண்ணணும்னா பொறந்த வருஷத்தைப் பொய்யாப் போடணும், அதையும் நீங்களே பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கணும். ஆஸ்திரேலியாவுல 2025 டிசம்பர் 10லேந்து 16 வயசுக்குக் கீழ பெரிய சோசியல் மீடியா எதுலயும் அக்கவுண்டே வச்சுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க. டியூஷன் வாத்தியாரை உங்க நம்பருக்கே அனுப்பச் சொல்லுங்க.

கேள்வி: வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்திருக்கு. யூடியூப்ல பாடம் போட்டுக் காட்டும்போது நடுவுல விளம்பரம் வருது, ஒரு நாள் சரக்கு விளம்பரம் மாதிரி ஏதோ வந்து புள்ளைங்க ஓன்னு கத்திருச்சு. வீடியோ முடிஞ்சா அதுவா வேற ஒண்ணு ஓட ஆரம்பிக்குது. என்ன பண்றது? (ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்)

பதில்: சிரிச்சிட்டேன், மன்னிச்சிருங்க. ஆட்டோபிளே பட்டனை ஆஃப் பண்ணுங்க, அதுலயே பாதித் தொல்லை போயிரும். குழந்தைகளுக்கானதுன்னு குறிச்சுப் போட்ட வீடியோவா இருந்தா 2020லேந்து கமெண்ட்டு கிடையாது, நம்ம பழக்கத்தை மோப்பம் புடிச்சு வர்ற விளம்பரமும் கிடையாது, ஆனா விளம்பரமே வராதுன்னு நம்பிராதீங்க, போடுறவங்க எல்லாரும் ஒழுங்கா குறிச்சுத்தான் போடுறாங்கன்னும் சொல்ல முடியாது. 2018லேந்து வந்த பாடப்புத்தகத்துல க்யூஆர் கோடு இருக்கே, மொதல்ல அதை ஸ்கேன் பண்ணிப் பாருங்க, அது கொண்டு போற அரசு பாடத் தளம் திக்‌ஷாவுல விளம்பரத் தொல்லை கிடையாது. எதுவா இருந்தாலும் மொதல் நாள் ராத்திரியே நீங்க முழுசா பாத்துட்டுப் போடுங்க, இதுக்கு மட்டும் குறுக்கு வழி இல்ல.

அப்புறம், வீடியோ மூணு நிமிஷத்துக்கு மேல ஓடுனா நடுவுல நிறுத்துங்க. ஒரு தடவை தூக்கணாங்குருவி கூடு கட்டுறத போட்டேன். அலகால நாரை உள்ள விட்டு வெளிய இழுத்து முடிச்சுப் போடுது, அந்த இடத்துல நிறுத்திட்டு "இப்ப என்ன பண்ணும்?"னு கேட்டேன். கடைசி பெஞ்சுல ஒரு பையன், வாசிப்புல அவன் ரொம்பப் பின்தங்குனவன், எழுந்திரிச்சு, "டீச்சர், அது களிமண்ணை எடுத்துட்டு வந்து உள்ள அப்பும், எங்க கெணத்து மேட்டு பனமரத்துல ஏழு கூடு இருக்கு, ஒண்ணு பாதியில விட்டது"ன்னான். பாதியில ஏன் விட்டுச்சுன்னு கேட்டா, "பொட்டைக்குருவிக்குப் புடிக்கல டீச்சர்." ஆண் குருவி பாதி கட்டிட்டு, பெண் குருவி வந்து பாத்து ஒத்துக்கிட்டாத்தான் மீதியைக் கட்டும்ங்கறது நிஜம், எனக்கு அது அன்னிக்கு வரைக்கும் தெரியாது. வீடியோவை அதோட மூடி வச்சுட்டு எல்லாரும் கெணத்து மேட்டுக்குப் போனோம். மீதி ரெண்டு நிமிஷத்துல என்ன இருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் நான் பாக்கல.

கேள்வி: எல்லாம் ஆபத்து ஆபத்துன்னு சொல்றீங்க. அஞ்சாம் வகுப்புக்கு நல்லதா ஒண்ணாவது சொல்லுங்க டீச்சர். (ஆசிரியை, வேலூர்)

பதில்: ஆபத்துன்னு மட்டுமா சொன்னேன்? சரி, வாங்க. என் தோழி ஒருத்தி ராமநாதபுரம் பக்கம் கடலோரப் பள்ளியில இருந்தா, அவளுக்குத் தெரிஞ்ச டீச்சர் ஒருத்தங்க கோத்தகிரி பக்கம். சமூக அறிவியல்ல நிலம், தொழில்னு பாடம் வர்றப்ப ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு, இந்த வகுப்புப் புள்ளைங்க அந்த வகுப்புக்குக் கேள்வி எழுதணும், பேப்பர்ல. பேப்பரை மட்டும் போட்டோ எடுத்து டீச்சர் டீச்சருக்கு அனுப்பிக்குவாங்க. புள்ளை கையில ஃபோன் கிடையாது, மொகம் கிடையாது, பேரு கூட மொதல் எழுத்து மட்டும்தான்.

மலைப் புள்ளைங்க கேட்டது: "நீங்க உப்புத் தண்ணியிலயா குளிப்பீங்க?" "கடலுக்குள்ள பாத்ரூம் வந்தா என்ன செய்வாங்க?" கடல் பக்கம் கேட்டது: "அட்டை கடிச்சா வலிக்குமா?" "வீட்டுக்குள்ள மேகம் வருமாமே?" ஒரு மலைப் பையன் "வருஷம் பூரா மீன் புடிப்பீங்களா"ன்னு கேட்டதுக்கு இங்கேந்து ஒரு பொண்ணு ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதிருக்கு, ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், மீன் குஞ்சு பொரிக்குற நேரம், விசைப்படகு போகக் கூடாது, அப்பா வலையைத் தைப்பாரு, அம்மா நகை அடகுக்குப் போகும், ஜூன்ல திரும்பி வரும். பாடப்புத்தகத்துல மீன்பிடித் தொழில்னு எத்தனை பக்கம் எழுதினாலும் அந்த நகை வருமா?

என் தோழிக்கு ஆச்சரியம் அது இல்ல. வகுப்புல சுவரை 'சுவறு'ன்னு எழுதிட்டு அலட்டிக்காம உக்காந்திருக்கிற புள்ளைங்க, அந்த லெட்டர் எழுதும்போது மட்டும் "சின்ன ர-வா பெரிய ற-வா"ன்னு அடிச்சுக்கிட்டு அகராதியைப் புடுங்குச்சாம். டீச்சர் திருத்துறதுக்கு எழுதுறது வேற, இன்னொரு புள்ளை படிக்கப் போவுதுன்னு எழுதுறது வேற. வேலூர்லேந்து நீங்க யாரையாவது புடிங்க, பக்கத்துப் பள்ளி டீச்சருங்க எல்லாம் கூடுற குறுவள மைய மீட்டிங்ல பேசிப் பாருங்க.

கேள்வி: எங்க பெற்றோர் குரூப்புல குட் மார்னிங், கோயில் ஃபோட்டோ, லோன் ஆப் லிங்க், போன வாரம் ரெண்டு அப்பாமாருங்க கட்சிச் சண்டை. டீச்சர் போடுற தகவல் எங்கேயோ போயிருது. (வகுப்பாசிரியை, தஞ்சாவூர்)

பதில்: அட்மின் மட்டும் மெசேஜ் போடுற மாதிரி செட்டிங் மாத்திருங்க, ரெண்டு நாள் மொகத்தைத் தூக்கி வச்சுக்குவாங்க, அப்புறம் சரியாயிரும். ராத்திரி எட்டு மணிக்கு மேல எதுவும் போடாதீங்க, நீங்களும் மனுஷிதான்.

ஆனா குரூப்பைக் கெடுக்குறது பெத்தவங்க மட்டும் இல்ல, நானும் கெடுத்திருக்கேன். எண்ணும் எழுத்தும் வந்த மொதல் வருஷம், புள்ளைங்களை அதுல படிப்பு நிலை வாரியா பிரிப்போம், யாரு அரும்பு, யாரு மொட்டு, யாரு மலர்னு லிஸ்ட் எழுதி, பெத்தவங்க தெரிஞ்சுக்கட்டுமேன்னு நல்ல எண்ணத்துலதான் குரூப்புல போட்டுட்டேன். மறுநாள் காலையில ஒரு அம்மா கேட்டுக்கு வெளியவே நின்னுக்கிட்டு இருந்தாங்க, உள்ள வாங்கன்னா வரல. "எம்புள்ள மக்குன்னு ஊருக்கே சொல்லிட்டீங்களே டீச்சர், ரேஷன் கடையில கேக்குறாங்க." மெசேஜை அழிச்சேன், அழிச்சு என்ன பண்ண, எல்லாரும் பாத்தாச்சு. அந்தப் பையன் அன்னிக்குக் கையைத் தூக்கவே இல்ல, சாதாரணமா தெரியாட்டியும் தூக்குறவன். அவனைப் பழையபடி பேச வைக்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. மார்க்கு, நிலை, ஃபீஸ் பாக்கி, பேன் மருந்து, எதுவானாலும் ஒரு புள்ளை பேரோட குரூப்புக்குப் போகவே கூடாது. தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க.

கேள்வி: ஸ்டோரேஜ் ஃபுல் ஸ்டோரேஜ் ஃபுல்னு ஃபோன் கத்துது, எல்லாம் வகுப்பு குரூப் போட்டோதான். சொந்த ஃபோன்தான் வேற வழியில்ல. என்ன பண்ணுவீங்க நீங்க? (ஆசிரியர், நாமக்கல்)

பதில்: குரூப் இன்ஃபோவுல போயி மீடியா விசிபிலிட்டியை ஆஃப் பண்ணுனா கேலரி ரொம்புறது நிக்கும், செட்டிங்ஸ்ல ஆட்டோ டவுன்லோடையும் ஆஃப் பண்ணுங்க. மாசக் கடைசியில ஒரு நாள் உக்காந்து புள்ளைங்க போட்டோ, வாய்ஸ் எல்லாத்தையும் அழிச்சிருங்க. ஃபோன் ரிப்பேருக்குக் குடுக்குறப்போ கடைக்காரன் கைக்கு உங்க வகுப்பே போகுதுன்னு நெனச்சுக்கோங்க, விரல் தானா அழிக்கும். நான் ரிட்டயர் ஆன அன்னிக்கு மொத்தத்தையும் அழிச்சுட்டேன். அந்தக் கோழி கூவுற வாய்ஸ் ஒண்ணு மட்டும் இருக்கு, அதுவும் பாட்டிகிட்ட கேட்டுட்டுத்தான். "வச்சுக்க தாயி, எங்கோழி இப்ப இல்ல"ன்னு சொல்லிருச்சு.